சீட்டு, அட்டை, விக்கி: ஒரு குழு தன் நினைவை எங்கே வைக்கிறது?

1948ஆம் ஆண்டு புனேயின் டெக்கான் கல்லூரியில், எஸ். எம். கத்ரே வகுத்த திட்டப்படி, வரலாற்று முறையிலான சமஸ்கிருதப் பேரகராதிப் பணி தொடங்கியது. வேதகாலம் முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான ஏறத்தாழ 1500 நூல்களிலிருந்து சொற்கள் தொகுக்கப்பட்டன. ஒவ்வொரு சொல்லாட்சிக்கும் ஒரு காகிதச் சீட்டு. அதில் சொல், அது பயின்று வரும் தொடர், நூலின் பெயர், இடக்குறிப்பு. இருபத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்த சீட்டுகள் ஏறத்தாழ ஒரு கோடி. அவற்றைக் கொண்டே 1976இல் அகராதியின் முதற்பகுதி வெளிவந்தது. அகரத்தில் தொடங்கும் சொற்களே பல தொகுதிகளை நிரப்பின. தொடங்கிய தலைமுறை மறைந்துவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைகள் பணியைத் தொடர்கின்றன. 1950களில் ஒருவர் எழுதிய சீட்டைப் படிக்க இன்று எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

இத்தகைய கூட்டுப்பணி ஒவ்வொன்றுக்கும் இருவகை நினைவுகள் தேவைப்படுகின்றன. ஒன்று, அறிந்தவற்றின் நினைவு: இச்சொல் இந்நூலில் இப்பொருளில் வருகிறது என்பது. மற்றொன்று, செய்யவேண்டியவற்றின் நினைவு: எந்த நூல் முடிந்தது, எது எஞ்சியுள்ளது, யார் கையில் எந்தப் பணி இருக்கிறது என்பது. முன்னதைச் சேமிக்கும் இடத்தை இன்று விக்கி என்கிறோம். பின்னதைச் சேமிக்கும் இடத்தைத் திட்ட மேலாண்மைத் தளம் என்கிறோம். கல்வெட்டுத் தரவகம், பேச்சுமொழித் தொகுப்பு, சுவடிப் பட்டியல் என எந்த ஆய்வுத் திட்டமானாலும் முதற்கூட்டத்திலேயே இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முடிவு எட்டப்படுகிறது. விலை என்ன, கைபேசியில் இயங்குமா, யாருக்கு ஏற்கெனவே பழக்கம் என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாறோ வேறொரு கேள்வியை முன்வைக்கிறது. அக்கேள்வியை உணர, இவ்விரு நினைவுகளும் கணினிக்குள் புகுந்த கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அக்கதையும் அட்டையில்தான் தொடங்குகிறது. 1980களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டெக்ட்ரானிக்ஸ் என்னும் கருவி உற்பத்தி நிறுவனத்தில் வார்ட் கன்னிங்ஹாம் பணியாற்றினார். மென்பொருள் வடிவமைப்பைக் கற்பிக்க அவரும் கென்ட் பெக்கும் சாதாரணக் குறிப்பட்டைகளைப் பயன்படுத்தினர். ஒரு கூறுக்கு ஓர் அட்டை. அதில் அக்கூறின் பெயர், பொறுப்பு, அதனுடன் ஒத்துழைக்கும் பிற கூறுகள். இம்முறையை விளக்கும் அவர்களது கட்டுரை 1989இல் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் 1987இல் வெளியிட்ட, பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு என்னும் மென்பொருள் இதே அட்டையைத் திரைக்குக் கொண்டுவந்தது. கன்னிங்ஹாம் அதில் ஓர் அட்டைக்கட்டை அமைத்தார். நிறுவனத்துக்குள் யார் எந்தப் பணியில் இருக்கிறார், எந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, எந்தத் திட்டம் எதனோடு தொடர்புடையது என்பவற்றை அதில் பதிவுசெய்தார். இன்னும் எழுதப்படாத அட்டையின் பெயரைக் குறிப்பிட்டாலும், அப்பெயரைத் தொடர்ந்து சென்றால் புதிய அட்டை ஒன்று பிறக்கும். பிற்கால விக்கியின் உயிர்நாடி இதுவே. ஒரு குழுவில் ஆள், கருத்து, திட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சுட்டும்போதுதான் நினைவு என்பது உருவாகிறது என்ற புரிதல் அதில் இருந்தது.

1995 மார்ச் 25 அன்று கன்னிங்ஹாம் இதே அமைப்பை இணையத்தில் வைத்தார். மென்பொருள் வடிவமைப்பு மாதிரிகளைத் தொகுப்பதே நோக்கம். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து, ஹவாய் மொழியில் விரைவைக் குறிக்கும் 'விக்கி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்பது அதன் விதி. பக்கங்களை இணைக்கத் தனிக்குறியீடு எதுவும் வேண்டியதில்லை. இரண்டு சொற்களை இடைவெளியின்றிப் பெரிய எழுத்துகளில் தொடங்கி எழுதினால் அதுவே இணைப்பாகிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழ், தேவநாகரி போன்ற எழுத்துமுறைகளுக்கு இவ்விதி அறவே பொருந்தாது என்பதை மொழியியல் மாணவர்கள் எளிதில் உணர்வர். ஒரு கருவியின் மிகச்சிறிய விதியிலும் அதைப் படைத்தவரின் மொழி உறைந்திருக்கிறது. விக்கிப்பீடியா பின்னர் இம்முறையைக் கைவிட்டு இரட்டைச் சதுர அடைப்புக்குறியை மேற்கொண்டதால், பிற எழுத்துமுறைகளின் விக்கிகளும் அதே குறியீட்டைத் தடையின்றிக் கையாள முடிந்தது.

செய்யவேண்டியவற்றின் நினைவும் இதே வட்டத்தில்தான் வளர்ந்தது. கென்ட் பெக் 1990களின் நடுவில் கிறைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்தை வழிநடத்தினார். ஒரு தேவையை ஓர் அட்டையில் எழுதி, அவ்வட்டைகளை மேசையில் பரப்பி, எதை முதலில் செய்வது என முடிவெடுக்கும் முறை அங்கே உருப்பெற்றது. 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' எனப் பெயர்பெற்ற அம்முறை குறித்த வாதங்கள் கன்னிங்ஹாமின் விக்கிப் பக்கங்களில் நீண்டகாலம் நடந்தன. மேசையில் பணியட்டை, திரையில் அறிவுப்பக்கம் என இரண்டும் ஒரே குழுவினரின் கைகளில் இருந்தும், இரண்டும் ஒரே கருவியாக அமையவில்லை.

பெரிய திட்டங்களுக்கு மேசை போதாது. 1998இல் மொசில்லா திட்டத்துக்காக டெரி வைஸ்மன் பக்சில்லா என்னும் வழுப் பதிவேட்டை உருவாக்கினார். மென்பொருளில் காணப்படும் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை. வழுவைப் பதிய எழுந்த இவ்வமைப்பு விரைவில் எல்லாப் பணிகளையும் பதியும் இடமாயிற்று. ஆக, 2000ஆம் ஆண்டளவில் ஒரு மென்பொருள் குழு தன் அறிவை ஒரு விக்கியிலும் தன் பணிகளை ஒரு பதிவேட்டிலும் வைத்திருந்தது. இரண்டுக்கும் இடையே உறவில்லை. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது ஓரிடத்திலும், அம்முடிவின்படி செய்த பணி வேறோரிடத்திலும் கிடந்தன.

இப்பிளவை மூடிய முதல் கருவிகளுள் குறிப்பிடத்தக்கது 2004இல் வெளிவந்த ட்ராக். அது விக்கி, பணிச்சீட்டு, நிரல் களஞ்சியம் மூன்றையும் ஒன்றாக்கியது. விக்கிப் பக்கத்தில் எண்குறியோடு 12 என்று எழுதினால் அது பன்னிரண்டாம் பணிச்சீட்டுக்கு இணைப்பாகும்; பணிச்சீட்டின் விளக்கத்திலும் விக்கிப் பக்கத்தின் பெயரை அவ்வாறே எழுதலாம். 2006இல் ழான்-ஃபிலிப் லாங் தொடங்கிய ரெட்மைன் இதே கருத்தை ஒரே நிறுவலில் பல திட்டங்களுக்கு விரித்தது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். ஒரு பல்கலைக்கழகத் துறையின் பழைய கணினி ஒன்றே அவற்றை இயக்கப் போதுமானது.

இதே காலத்தில் வணிகப் பாதையும் திறந்தது. 2002இல் சிட்னியில் மைக் கேனன்-புரூக்சும் ஸ்காட் ஃபார்குவாரும் அட்லாசியன் நிறுவனத்தைத் தொடங்கி ஜிரா என்னும் பணிப்பதிவேட்டை வெளியிட்டனர். பக்சில்லா என்ற பெயரில் காட்சில்லா ஒலிப்பதால், அப்பூதத்தின் ஜப்பானியப் பெயரான கொஜிராவைச் சுருக்கி ஜிரா என்றனர். 2004இல் கான்ஃபுளூயன்ஸ் என்னும் விக்கி அதனுடன் சேர்ந்தது. நிறுவனங்கள் இவ்விரட்டையை விரும்பி ஏற்றன. அதன் பின்வந்த மாற்றங்களே நமக்கு முக்கியம். 2011இல் கான்ஃபுளூயன்ஸின் நான்காம் பதிப்பு விக்கிக் குறியீட்டுத் திருத்தியை நீக்கிவிட்டு, வேறொரு சேமிப்பு வடிவத்துக்கு மாறியது. குறியீட்டில் எழுதிப் பழகியவர்கள் எதிர்த்தனர், மாற்றம் நிலைத்தது. 2020 அக்டோபரில், சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் பதிப்பைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் அதன் புதிய உரிம விற்பனை நின்றது. 2024 பிப்ரவரி 15 அன்று ஆதரவும் முடிந்தது. பயனர்கள் நிறுவனத்தின் கிளவுட் சேவைக்கோ பெரிய அமைப்புகளுக்கான வேறு பதிப்புக்கோ மாற வேண்டியதாயிற்று. இதில் மோசடி எதுவும் இல்லை. முன்னறிவிப்பும் போதிய அவகாசமும் தரப்பட்டன. எனினும் ஒரு குழுவின் நினைவு எங்கே இருக்கவேண்டும் என்பதை அக்குழு தீர்மானிக்கவில்லை.

ஆய்வுலகம் இக்கருவிகளை எவ்வாறு கையாண்டது என்பதற்கு இரு சான்றுகள் போதும். 2009இல் கணிதவியலர் டிமோத்தி கவர்ஸ் ஒரு கடினமான தேற்றத்துக்குப் புதிய நிறுவலைப் பொதுவெளியில் கூட்டாகத் தேடலாம் என்று அழைப்பு விடுத்தார். பாலிமாத் எனப்பட்ட அத்திட்டத்தில், ஏறத்தாழ ஐந்து வாரங்களில் 27 பேர் 800 அளவிலான குறிப்புகளை எழுதினர். நிறுவல் கிட்டியது, 2012இல் டி. எச். ஜே. பாலிமாத் என்ற கூட்டுப்பெயரில் கட்டுரையும் வெளிவந்தது. எண்ணூறு குறிப்புகளில் புதிதாக நுழைபவர் தொலைந்துபோவார் என்பதால், அவற்றின் சாரத்தைத் திரட்ட உடனொரு விக்கி தேவைப்பட்டது. உரையாடல் ஓடும், விக்கி தேக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

இந்தியச் சான்று, அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். 2008இல் தொடங்கிய திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம். காசநோய்க்கு மருந்து தேடும் பணியைக் கல்லூரி மாணவர் முதல் மூத்த அறிவியலர் வரை அனைவரும் பகிர்ந்துகொள்ள, சிஸ்போர்க் என்னும் கூட்டுப்பணித் தளம் அதற்கென அமைக்கப்பட்டது. காசநோய்க் கிருமியின் ஏறத்தாழ 4000 மரபணுக்களைப் பற்றிச் சிதறிக்கிடந்த செய்திகளைத் திரட்டிக் குறிப்பெழுதும் பணியில் நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் சேர்ந்தனர். யார் எந்த மரபணுவை எடுத்துக்கொண்டார், யார் சரிபார்த்தார் என்ற கணக்கும், அம்மரபணுவைப் பற்றி அறியப்பட்டது என்ன என்ற குறிப்பும் ஒன்றோடொன்று பிணைந்தாலன்றி இத்தகைய பணி நடவாது. டெக்கான் கல்லூரியின் சீட்டுப்பேழையும் இத்தளமும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்தவை.

தளங்கள் மறைவதும் இக்காலத்தில்தான் தொடங்கியது. கூகுள் 2009இல் அறிமுகம் செய்த வேவ், உரையாடலையும் ஆவணத்தையும் ஒன்றாக்கும் என்று பெரிதும் பேசப்பட்டது. 2010 மே மாதம் அனைவருக்கும் திறக்கப்பட்ட அச்சேவையின் மேம்பாடு அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. 2012இல் அது மூடப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் பாடக்குறிப்புகளைச் சேர்த்துவைத்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டது. 2019இல், அமெரிக்கத் தடைச்சட்டங்களைக் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களின் பயனர்களுக்குக் கிட்ஹப் தன் சேவைகளைக் கட்டுப்படுத்தியது. வணிகக் காரணம், அரசியல் காரணம் என எதுவாயினும், வாடகை வீட்டில் நூலகம் அமைத்தவருக்கு நேர்வதே இவர்களுக்கும் நேர்ந்தது.

அப்படியாயின் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தால் போதுமா? இக்கேள்விக்கு விக்கிமீடியா அறக்கட்டளையின் அனுபவம் பாடமாகிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் அவ்வமைப்பின் பணிகள் 2014 வரை பல கருவிகளில் சிதறிக்கிடந்தன. வழுக்களுக்குப் பக்சில்லா, நிரல் மதிப்பீட்டுக்கு கெரிட், திட்டமிடலுக்குச் சில குழுக்களில் மிங்கிள், சிலவற்றில் ட்ரெல்லோ. ஒரே பணி மூன்று இடங்களில் பதிவாகும். மூன்றும் வெவ்வேறு நிலையைக் காட்டும். தேவைகளைத் திரட்டிப் பொதுவில் விவாதித்தபின், முகநூல் நிறுவனத்தில் பிறந்து, அதை உருவாக்கிய இவான் பிரீஸ்ட்லியின் ஃபாசிலிட்டி நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ஃபேப்ரிக்கேட்டர் என்னும் திறமூல மென்பொருள் தேர்வாயிற்று. 2014 நவம்பரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் பக்சில்லாவிலிருந்து அதற்கு மாற்றப்பட்டன.

அம்மாற்றத்தில் ஒரு சிறு நுட்பம் கவனிக்கத்தக்கது. பத்தாண்டுகளாகப் பதிவுகளின் எண்கள் நிரல்களிலும் விக்கிப் பக்கங்களிலும் மடல்களிலும் மேற்கோளாகப் பரவியிருந்தன. எண் மாறினால் அம்மேற்கோள்கள் அனைத்தும் அனாதையாகும். எனவே ஒவ்வொரு பழைய எண்ணுடனும் 2000ஐக் கூட்டிப் புதிய எண் அமைத்தனர். பக்சில்லாவின் முதல் பதிவு இன்று 2001ஆம் பணியாக இருக்கிறது. ஆவணங்கள் பழையனவாகவும் முழுமையற்றும் இருக்கின்றன என்பதே அம்முதல் பதிவின் பொருள் என்பது சுவையான செய்தி. ஏட்டுப் பதிப்பில் பாட்டு எண் மாறும்போது பழைய எண்ணையும் உடன் தரும் பதிப்பாசிரியரின் கவனமே இங்கும் செயல்பட்டது. தரவைக் கொண்டுசெல்வது வேறு. தரவைச் சுட்டும் வழிகளையும் சேர்த்துக் கொண்டுசெல்வது வேறு. பின்னதைச் செய்தால்தான் நினைவு தப்பும்.

எனினும் திட்டமிட்ட அனைத்தும் நடந்துவிடவில்லை. நிரல் மதிப்பீட்டையும் இத்தளத்துக்குள் கொண்டுவரும் எண்ணம் கைகூடவில்லை, கெரிட் தொடர்ந்தது. 2021 ஜூன் 1 முதல் ஃபேப்ரிக்கேட்டரைப் பராமரிப்பதில்லை என ஃபாசிலிட்டி அறிவித்தது. ஏழாண்டுக்கு முன் கவனத்தோடு தேர்ந்த கருவிக்குத் திடீரென்று உரிமையாளர் இல்லை. ஆனால் அடுத்து நிகழ்ந்தது வேவின் கதையன்று. மூலநிரல் திறந்திருந்ததால், பயனர்கள் கூடி ஃபோர்ஜ் என்னும் கிளையைத் தொடங்கினர். விக்கிமீடியாவும் பின்னர் அதற்கு மாறியது. பணிகளின் எண்கள் மாறவில்லை. பழைய இணைப்புகள் இன்றும் திறக்கின்றன. திறமூலம் என்பது கருவி சாகாது என்பதற்கு உறுதியன்று. அது செத்தால் எடுத்து வளர்க்கும் உரிமை மட்டுமே. அவ்வுரிமையைச் செயலாக்க ஆள் வேண்டும்.

இந்த 'ஆள்' என்ற சொல்லிலேயே இந்தியப் பல்கலைக்கழகங்களின் உண்மையான சிக்கல் அடங்கியிருக்கிறது. இங்கே ஓர் ஆய்வுத் திட்டத்தின் நிதி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கானது. தளத்தை நிறுவியவர் திட்ட உதவியாளராக வந்த இளம் ஆய்வாளர். உதவித்தொகை முடிந்ததும் அவர் வேறிடம் செல்கிறார். நிர்வாகக் கடவுச்சொல் அவரது சொந்த மின்னஞ்சலோடு பிணைந்திருக்கிறது. துறையின் மூலையில் ரெட்மைனை ஓட்டிய கணினியை, அது என்னவென்றறியாத ஒருவர் அணைத்துவிடலாம். அத்தகைய இடத்தில் சொந்த சர்வரே சிறந்தது என்று கூறுவது கொள்கைப்பற்றாகுமேயன்றித் தீர்வாகாது. பராமரிக்க ஆளில்லாத கட்டற்ற மென்பொருளைவிட, முறையாக இயங்கும் கட்டணச் சேவை பல நேரங்களில் தரவை நன்றாகக் காக்கும். கட்டற்றதா, கட்டணமா என்ற எதிர்நிலை மட்டும் இவ்வரலாற்றை விளக்கப் போதாது.

விளக்குவது வேறொன்று. பிழைத்த நினைவுகள் அனைத்துக்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு: அவற்றை உருவாக்கிய கருவி இல்லாமலும் அவை படிக்கக்கூடியவை. டெக்கான் கல்லூரிச் சீட்டு அப்படிப்பட்டது. விக்கிப்பீடியா முதலில் கிளிஃபர்ட் ஆடம்சின் யூஸ்மாட்விக்கியில் இயங்கி, 2002இல் மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய மென்பொருளுக்கும் அதே ஆண்டில் லீ டேனியல் குரொக்கர் திருத்தியெழுதிய வடிவத்துக்கும் மாறியது. பின்னர் மீடியாவிக்கி என்று பெயர்பெற்றது அதுவே. ஈராண்டுக்குள் இருமுறை அடித்தளம் மாறியும் கட்டுரைகள் பிழைத்தமைக்குக் காரணம், அவை வெறும் உரையாகச் சேமிக்கப்பட்டிருந்ததே. அதன் முழுத்தரவும் எவரும் இறக்கிக்கொள்ளும் வகையில் வெளியிடப்படுவதால், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்களும் ஒரே இடத்தின் சர்வர்களை நம்பியிருக்கவில்லை.

ஆகவே ஒரு குழு தன் முதற்கூட்டத்தில் கேட்கவேண்டியது, இத்தளத்தில் என்னென்ன வசதிகள் உள்ளன என்பதைக் காட்டிலும், இதிலிருந்து எவ்வாறு வெளியேறுவது என்பதே. இதற்கு விடைகாண நிபுணத்துவம் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும். சோதனையாகப் பத்துப் பக்கங்களை எழுதி, பத்துப் பணிகளைப் பதிந்து, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, பின்னர் அனைத்தையும் வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். உரை முழுமையாக வந்ததா? தமிழ் எழுத்துகள் சிதையாமல் உள்ளனவா? பணிச்சீட்டின் கீழ் நடந்த விவாதம் உடன் வந்ததா? இப்பக்கம் அப்பணியைச் சுட்டியது என்ற உறவு எஞ்சியதா? பெரும்பாலான தளங்கள் முதற்கேள்வியில் தேறி, கடைசிக் கேள்வியில் தவறுகின்றன. அது தெரிந்தே ஒரு தளத்தைத் தேர்வதில் பிழையில்லை. தெரியாமல் தேர்வதே பிழை.

தேர்ந்தபின் செய்யவேண்டியவை இரண்டு. நிர்வாக உரிமை தனியொருவரின் பெயரில் இல்லாமல் துறையின் பெயரில் இருக்கவேண்டும். பருவந்தோறும் ஒருமுறை முழுத்தரவையும் எடுத்துத் துறை நூலகத்தில் வைக்கவேண்டும். அதைத் திறந்து படித்துப் பார்க்கும் பொறுப்பு, திட்டத்தில் புதிதாகச் சேரும் ஆய்வாளருக்கு முதற்பணியாக அளிக்கப்படவேண்டும். காப்புநகல் சரியாக இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். முன்னிருந்தவர்கள் என்ன நினைத்துப் பணியாற்றினார்கள் என்பதைப் புதியவர் அறிந்துகொள்வதும் அப்போதே நிகழ்ந்துவிடும்.